சில்லைத் தாங்கும் கல்

கைபேசியும் கோபுரமும் பேசிக்கொள்ளும் ரேடியோ அலையைப் பிறப்பித்து, பெருக்கி, வடிகட்டி, வேண்டிய திசையில் அனுப்புகிற உறுப்புகளை ஒரே சிறு தகட்டின் மேல் அமைத்தால் அது நுண்ணலை ஒருங்கிணைந்த சுற்று. 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் எல்லாம் நுண்ணலைகளே. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. வைஃபை அதற்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. 2022 ஏலத்தில் இந்தியாவில் 5ஜிக்கென விற்கப்பட்ட முக்கியமான பட்டைகள் இரண்டு: ஒன்று 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை, மற்றொன்று 24.25 முதல் 27.5 வரை. இரண்டாவதைப் பேச்சு வழக்கில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை என்பார்கள். 30 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அலைநீளம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடுவதால் அங்கிருந்து மேலே உள்ளவற்றுக்கு மில்லிமீட்டர் அலை என்று பெயர். 26-ஐயும் பழக்கத்தில் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

கணினிச் சில்லுக்கும் நுண்ணலைச் சில்லுக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். ஏறக்குறைய கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்புகிற தூரம். அதனால் சுவிட்சிலிருந்து மின்விசிறி வரையுள்ள கம்பியில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தம்தான். 26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11.5 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலத்துக்குள் மின்னழுத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிவிடும். அலை காற்றை விட்டுச் சில்லின் தகட்டுக்குள் நுழைந்தால் இன்னும் சுருங்கும். கால் அலைநீளம் என்பது அங்கே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கால் அலைநீளமுள்ள கம்பியின் ஒரு முனையைத் திறந்தே விட்டாலும் மறுமுனையில் அது நேரிணைப்புக் கொடுத்ததுபோல நடந்துகொள்ளும். மின்சார வேலை தெரிந்தவருக்கு இது மாயம் போலத் தோன்றும். நுண்ணலைப் பொறியாளருக்கு அன்றாடக் கருவி.

சில்லை வெளியுலகோடு இணைக்கும் தங்கக் கம்பியை எடுத்துக்கொள்ளலாம். தடிமன் 25 மைக்ரோமீட்டர், தலைமுடியை விட மெல்லியது. நீளம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தூண்டல் ஏறக்குறைய 1 நானோஹென்றி. 3.5 கிகாஹெர்ட்ஸில் அது 22 ஓம் மறுப்பாக நிற்கும். 26-ல் 163 ஓம். 140-ல் 880 ஓம். நுண்ணலைப் பாதைகள் பெரும்பாலும் 50 ஓம் அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மேல் பட்டைகளில் இந்தத் தங்கக் கம்பி இணைப்பு வேலையை விட்டுவிட்டு அணைகட்டும் வேலையைச் செய்கிறது. வந்த அலை திரும்பிப் போகிறது. அதனால்தான் உயர் அலைவெண் சில்லுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கம்பியே இல்லாமல், சிறு உலோக மணிகளின் மேல் உட்காரவைக்கிறார்கள்.

இந்தச் சுற்றுகளில் அலை எங்கே ஓடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. தகட்டின் மேலே ஒரு மெல்லிய உலோகப் பட்டை, தகட்டின் அடியில் முழு உலோகப் பரப்பு: இதுதான் நுண்பட்டைத் தடம். மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். 26 கிகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது 0.4 மைக்ரோமீட்டர் ஆழம்தான் இறங்கும். அலையின் ஆற்றலில் பெரும்பகுதி இரு உலோகங்களுக்கும் நடுவே, தகட்டுப் பொருளுக்குள் போகிறது. அந்தப் பொருள் எந்தக் கல், எவ்வளவு தூய்மை, வெயிலில் எப்படி மாறும் என்பதெல்லாம் சுற்றின் குணத்தை நேராகத் தீர்மானிக்கின்றன. சில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் டிரான்சிஸ்டரைக் கொண்டாடிவிட்டு இந்தக் கல்லைக் கடந்துபோவது வழக்கம். சுற்றில் பாதி அந்தக் கல்தான்.

மில்லிமீட்டர் அலை புதிது என்று விளம்பரங்கள் சொன்னாலும் அதன் வயது 130 ஆண்டு. 1895-ல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில் அலையைத் துணைநிலை ஆளுநரின் உடலையும் சுவரையும் தாண்ட வைத்து, அப்பால் இருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தார். 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை, அவர் கருவிகள் எட்டின. அலையை வழிநடத்தும் குழாய், கொம்பு ஆன்டெனா, ஈயத்தாதுப் படிகத்தால் ஆன உணரி எல்லாம் அவர் மேசையில் இருந்தன. அந்த உணரிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒருமுறை ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு இடையே தகரத்தாள்களைச் செருகி, அதையே அலையின் அதிர்வுத் தளத்தைப் பிரிக்கும் கருவியாக்கினார். முறுக்கிய சணல் கற்றையால் அந்தத் தளத்தைத் திருப்பியும் காட்டினார். பொருளின் அமைப்பு அலையை ஆளும் என்பதை இதைவிட மலிவாக யாரும் மெய்ப்பித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரின் ரேடார்கள் உலோகக் குழாய்களால் கட்டப்பட்டன. 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கான குழாயின் உள்ளளவு 22.86 × 10.16 மில்லிமீட்டர், ஒரு கருவி முழுக்க இப்படிக் குழாய்கள் வளைந்து நெளிந்து ஓடினால் அது தண்ணீர்க் குழாய் வேலைக்குச் சமம். 1952-ல் ஐடிடி நிறுவனப் பொறியாளர்கள் நுண்பட்டைத் தடத்தை அறிமுகப்படுத்தியபின் குழாய் தட்டையானது. அச்சடித்தே சுற்று செய்யலாம் என்றானது. 1976-ல் இங்கிலாந்தின் பிளெஸ்ஸி நிறுவனத்தில் ரே பெங்கெல்லியும் ஜேம்ஸ் டர்னரும் டிரான்சிஸ்டர், மின்தேக்கி, தடம் அனைத்தையும் ஒரே காலியம் ஆர்சனைடுத் தகட்டில் செதுக்கிப் பெருக்கி ஒன்றை உருவாக்கினார்கள். ஒரே கல்லில் செதுக்கிய மாமல்லபுரத்து ரதம் போல, இணைப்பே இல்லாத சுற்று.

சிலிக்கானை விட்டுக் காலியம் ஆர்சனைடுக்குப் போனதற்குக் காரணம் இரண்டு. அதில் எலக்ட்ரான்கள் ஐந்தாறு மடங்கு எளிதாக நகர்கின்றன என்பது பலரும் சொல்வது. மற்றது கல்லைச் சேர்ந்தது: வழக்கமான சிலிக்கான் தகடு ஓரளவு மின்சாரம் கடத்துவதால் மேலே ஓடும் அலை கீழே கசிந்து வெப்பமாகிவிடும், காலியம் ஆர்சனைடை ஏறத்தாழ மின்காப்பியாகவே வளர்க்க முடியும். 1979-ல் ஜப்பானின் புஜித்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா இன்னொரு வழியைக் கண்டார். எலக்ட்ரானைத் தரும் வேற்றணுக்கள் ஓர் அடுக்கில் இருக்க, எலக்ட்ரான்கள் பக்கத்து அடுக்கில் ஓடும்படி டிரான்சிஸ்டரை அமைத்தார். கடைத்தெருவில் சரக்கு லாரி நடுவழியில் நின்று மூட்டை இறக்கினால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இறக்கும் இடத்தை ஒதுக்கித் தந்துவிட்டால் வழி திறந்துவிடும். வேற்றணுக்களில் மோதிக்கொள்ளாமல் ஓடும் எலக்ட்ரான்களால் இந்த டிரான்சிஸ்டர் இரைச்சல் குறைந்ததாகவும் வேகம் மிக்கதாகவும் அமைந்தது. செயற்கைக்கோள் தொலைக்காட்சிக் கிண்ணங்களின் நுனியில் இருக்கும் பெட்டிக்குள் முதல் பெருக்கியாக அது உட்கார்ந்துகொண்டது.

இரைச்சல் குறைவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. அறை வெப்பநிலையில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் வெப்பம் தானாக உண்டாக்கும் இரைச்சல் 0.4 பைக்கோவாட். கோபுரத்துக்குக் கைபேசியிலிருந்து வந்துசேரும் சிக்னல் பல நேரங்களில் இந்த அளவையொட்டியே இருக்கும். அதே கோபுரப் பெட்டியிலிருந்து வெளியே போகும் திறனோ பத்து வாட் கணக்கில். எறும்பின் காலடியைக் கேட்கும் காதும் யானையின் பிளிறலும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பிளிறலுக்கு ஏற்ற பொருள் காலியம் நைட்ரைடு. இதில் முதல் உயர்வேக டிரான்சிஸ்டரை 1993-ல் ஆசிஃப் கானும் உடன் பணிபுரிந்தோரும் அமெரிக்காவில் செய்து காட்டினர். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், காலியம் ஆர்சனைடுக்கு 1.42, காலியம் நைட்ரைடுக்கு 3.4. இடைவெளி பெரிதானால் பொருள் உடைந்துபோகாமல் அதிக மின்னழுத்தம் தாங்கும். அதனால் காலியம் நைட்ரைடுப் பெருக்கிகளுக்கு 28 அல்லது 50 வோல்ட் கொடுக்கலாம். அதே அளவு டிரான்சிஸ்டரிலிருந்து காலியம் ஆர்சனைடு தருவதைப்போலப் பல மடங்கு திறன் வரும். திறனோடு வெப்பமும் வரும். இங்கும் காப்பாற்றுவது அடியில் உள்ள கல்: வெப்பத்தை நன்றாகக் கடத்தும் சிலிக்கான் கார்பைடு மேல் காலியம் நைட்ரைடை வளர்க்கிறார்கள். இன்னும் நன்றாகக் கடத்தும் வைரத்தின் மேல் அதை ஒட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. பெருக்கியின் வடிவமைப்பில் பழையது ஒன்று திரும்பி வந்திருக்கிறது. 4ஜி, 5ஜி சிக்னலின் உச்சம் அதன் சராசரியை விடப் பல மடங்கு உயரும். உச்சத்துக்கென்று கட்டிய பெருக்கி சராசரி நேரத்தில் மின்சாரத்தை வீணடிக்கும். இதற்குத் தீர்வாகச் சாதாரண நேரத்துக்கு ஒன்று, உச்சம் வரும்போது கைகொடுக்க மற்றொன்று என்று இரு பெருக்கிகளை இணைக்கும் முறையை பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹெர்ட்டி 1936-ல் வானொலி நிலையங்களுக்காக வகுத்தார். இன்றைய செல்பேசிக் கோபுரப் பெருக்கிகள் பெரும்பாலும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

சிலிக்கான் ஒதுங்கிவிடவில்லை. டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க அதுவும் மில்லிமீட்டர் அலையை எட்டிவிட்டது. ஜெர்மானியம் கலந்த சிலிக்கான் அதற்கு இன்னும் வேகம் சேர்த்தது. இதன் பலம் திறனில் இல்லை. ஆயிரக்கணக்கான கட்டுப்பாட்டுச் சுற்றுகளை அதே சில்லில் மலிவாகச் சேர்த்துவிடலாம் என்பதில் இருக்கிறது. மறுகோடியில் இண்டியம் பாஸ்பைடு: 2014-ல் அமெரிக்காவின் நார்த்ரப் கிரம்மன் நிறுவனம் அந்தப் பொருளில் 25 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 1 டெராஹெர்ட்ஸில், அதாவது 1,000 கிகாஹெர்ட்ஸில், பெருக்கிக் காட்டியது. விலை அதிகம், தகடு சிறியது, எளிதில் உடையும். ஆகவே இனி வரும் கருவிகளில் சிலிக்கான் மூளையாகவும் காலியம் நைட்ரைடோ இண்டியம் பாஸ்பைடோ தொண்டையாகவும் காதாகவும், தனித்தனிச் சில்லுகளாக ஒரே உறைக்குள் அடுத்தடுத்து அமரும். அப்படியானால் அவற்றை இணைக்கும் அடித்தளத்தின் பொறுப்பு முன்னைவிடக் கூடுகிறது.

ஊருக்குள் மில்லிமீட்டர் அலை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குத் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை நல்ல சோதனைக்களம். பேருந்து நிலையம், காந்தி பூங்கா, பழவங்காடி கணபதி கோவில், சாலைக் கடைத்தெருவின் வாய், கோட்டை வாசல், அதற்குள்ளே பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றிய அக்கிரகாரத் தெருக்கள் என அரை கிலோமீட்டருக்குள் அத்தனை நெரிசல். மாலை வேளையில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் படம் பார்க்கவும் பணம் அனுப்பவும் துடிக்கும். நெரிசலுக்கு மருந்து அகலமான பட்டை. அகலமான பட்டை 26 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். ஆனால் ஒரே பெருக்கம் கொண்ட ஆன்டெனாக்களைப் பயன்படுத்தினால் 3.5-லிருந்து 26-க்கு ஏறும்போது வந்துசேரும் சிக்னல் ஏறக்குறைய 55-ல் ஒரு பங்காகும். கருங்கல் மதிலை அது தாண்டாது. குறுக்கே ஓர் ஆள் நின்றாலே சிக்னல் நூறில் ஒரு பங்காகிவிடலாம். பேருந்து வந்து நின்றால் கேட்கவே வேண்டாம்.

இழந்ததை மீட்பது ஆன்டெனா வரிசை. ஆன்டெனாக்களுக்கு இடையே அரை அலைநீளம் இருந்தால் போதும் என்பதால் 26 கிகாஹெர்ட்ஸில் 8 × 8 என 64 ஆன்டெனாக்கள் 46 மில்லிமீட்டர் சதுரத்தில், உள்ளங்கைக்குள், அடங்கும். 3.5-ல் அதே வரிசைக்கு 34 சென்டிமீட்டர் வேண்டும். ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் போகும் அலையைச் சில்லு கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினால் எல்லா அலைகளும் ஒரு திசையில் மட்டும் கூடி வலுப்பெறும். கற்றை திரும்புகிறது, எந்தப் பாகமும் அசைவதில்லை. விளக்குக் கம்பங்களில் 100, 200 மீட்டருக்கு ஒன்றாக இத்தகைய சிறு பெட்டிகளை நிறுவினால், பேருந்து மறைத்ததும் கற்றை எதிர்க் கட்டிடச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் வழியைத் தேடிக்கொள்ளும்.

திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம், இடவப்பாதியும் துலாவர்ஷமும். மழை மில்லிமீட்டர் அலையைத் தின்றுவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டும் கனமழையில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 டெசிபெல் இழக்கும், அதாவது ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். ஆனால் 200 மீட்டர் தூரத்துக்கு இழப்பு 1.6 டெசிபெல்தான். தெருவுக்குள் மழை பெரிய எதிரி இல்லை. குடைபிடித்து நிற்கும் கூட்டமும் நனைந்த மரக்கிளையும் அதைவிடப் பெரிய தடை. 60 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் உறிஞ்சிவிடும். அதனால் அந்தப் பட்டை அறைக்குள்ளும் குறுந்தூரத்துக்கும் ஒதுங்கிவிட்டது.

6ஜி பற்றிய பேச்சில் டெராஹெர்ட்ஸ் என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ஆய்வகத்துக்கு அது உண்மை. நாடுகள் கூடிப் பட்டைகளைப் பங்கிடும் மேசையில் நிலைமை வேறு: 2023-ல் துபாயில் நடந்த உலக ரேடியோ மாநாடு, 2027 மாநாட்டின் முடிவுக்காக ஆராயச் சொன்ன பட்டைகள் 4.4–4.8, 7.125–8.4, 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ். சுவரையும் கொஞ்சம் தாண்ட வேண்டும், அகலமும் வேண்டும் என்ற இழுபறியில் கண்ட நடுவழி அது. ஆகவே வரும் பத்தாண்டுகளின் வேலை 7 முதல் 30 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள சில்லுகளுக்கே அதிகம் காத்திருக்கிறது. இந்தியாவில் இதற்கான ஆலைகள் பாதுகாப்புத் துறையை ஒட்டி வளர்ந்தவை. ஹைதராபாத்தின் கேட்டெக் மையம் காலியம் ஆர்சனைடுச் சில்லுகளைச் செய்கிறது. டெல்லியின் திண்மநிலை இயற்பியல் ஆய்வகம் 4 அங்குலச் சிலிக்கான் கார்பைடுத் தகடுகளையும், 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும், 40 வாட் வரையிலான நுண்ணலைச் சில்லுகளையும் உள்நாட்டிலேயே உருவாக்கியதாக 2024-ல் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ அறிவித்தது. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் 220 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அமைத்த 5ஜி சோதனைக் களம் 2022 மே 17 அன்று திறக்கப்பட்டது. கைபேசிகளுக்குள் இருக்கும் நுண்ணலைச் சில்லுகளோ இன்றும் பெரும்பாலும் வெளிநாட்டு ஆலைகளிலிருந்துதான் வருகின்றன.

சில்லு கைக்கு வந்த பிறகும் அதை எதன் மேல் வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. கணினிப் பலகைகளில் பயன்படும் சாதாரண கண்ணாடியிழைத் தகட்டில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் இழக்கும். 3 சென்டிமீட்டர் போவதற்குள் பாதித் திறன் சூடாகிக் கரைந்துவிடும். பல லட்சம் செலவிட்டு உருவாக்கிய பெருக்கி தகட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அலுமினா என்னும் அலுமினியம் ஆக்சைடுப் பீங்கானின் இழப்பு இதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தொல்லை என்னவென்றால் அலுமினாவைச் சுட 1,600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலையை நன்றாகக் கடத்தும் வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். அலுமினாவோடு சேர்த்துச் சுட வேண்டுமானால் டங்ஸ்டன் போன்ற உலோகம்தான் தாங்கும். அதன் மின்தடை வெள்ளியைப் போல மூன்று மடங்கு.

இந்தக் கணக்கைத் தீர்க்க வந்தது தாழ்வெப்பத்தில் சேர்த்துச் சுடும் பீங்கான். பீங்கான் தூளோடு கண்ணாடித் தூளும் பிசினும் கரைப்பானும் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் அரைத்து, நகரும் பிளாஸ்டிக் தாளின் மேல் ஊற்றி, கத்தி முனையால் ஒரே சீராக வழித்தால் 100 மைக்ரோமீட்டர் அளவில் ஒரு தாள் கிடைக்கும். சுடாத பானையைப் பச்சைப் பானை என்பதுபோல இதற்கும் பச்சைத் தாள் என்றே பெயர். ரப்பர் போல வளையும், கத்தரியால் வெட்டலாம். துளையிட்டு வெள்ளிக் களிம்பை நிரப்பி, மேலே தடங்களை அச்சடித்து, பத்துப் பன்னிரண்டு தாள்களை அடுக்கி அழுத்தி, 850 முதல் 900 டிகிரியில் சுட்டால் வடிகட்டியும் மின்தேக்கியும் ஆன்டெனாவும் வயிற்றுக்குள் புதைந்த ஒரே பீங்கான் கட்டி கிடைக்கும். சுடும்போது அது நீள அகலத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்பே தெரிந்து அந்த அளவு பெரிதாக வரைய வேண்டும். குயவர் கைக்கணக்கில் வைத்திருக்கும் அதே சங்கதி, இங்கே ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில்.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம், கரமனை வழியாக நாகர்கோவில் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் பாப்பனங்கோடு. அங்கே 1975-ல் தொடங்கி, பின்னர் வட்டார ஆய்வகம் என்ற பெயரில் வளர்ந்து, 2007 முதல் தேசிய இடைநிலை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று அழைக்கப்படும் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இருக்கிறது. தேங்காய், நறுமணப் பொருள், களிமண் என்று கேரளத்தின் விளைபொருள்களை ஆராயும் இடம் என்றே வெளியே பெயர். நுண்ணலைப் பீங்கான் துறையில் உலகம் இந்த இடத்தை வேறு காரணத்துக்காக அறியும். எம். டி. செபாஸ்டியன் தலைமையிலான குழு இங்கே பல ஆண்டுகள் குறைந்த இழப்புப் பீங்கான்களைத் தேடியது; கம்பியில்லாத் தகவல்தொடர்புக்கான மின்காப்புப் பொருள்கள் பற்றி 2008-ல் எல்சவியர் வெளியிட்ட அவரது நூல், அதுவரை அறியப்பட்ட பொருள்களின் பண்புகளை நீண்ட அட்டவணையாகத் திரட்டித் தந்தது. பின்னர் அவர் 6ஜி ஆய்வுக்குப் பேர்பெற்ற பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

இந்தத் தேடல் நடக்கும் விதம் எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. ஆக்சைடுத் தூள்களை எடைபோட்டு, அரைத்து, ஒருமுறை சூடாக்கி, மறுபடி அரைத்து, அச்சில் அழுத்தி, பெரிய மாத்திரை அளவில் வில்லையாக்கி உலையில் வைக்கிறார்கள். வெளியே வந்த வில்லையை மெருகேற்றி இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரு நுண்கம்பிகளால் அலையைச் செலுத்தி வாங்குகிறார்கள். வில்லைக்குள் அலை சரியாகப் பொருந்தும் அலைவெண்ணில் திரையில் ஊசி போல ஒரு முகடு எழும். முகடு நிற்கும் இடம் பொருளின் மின்காப்பு மாறிலியைச் சொல்லும். முகடு எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவு இழப்பு குறைவு. அடுத்து வில்லையைச் சூடாக்க வேண்டும். முகடு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பொருள்கள் தோற்பது இந்த மூன்றாவது தேர்வில்.

ரூட்டைல் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு இதற்குச் சான்று. அதன் மின்காப்பு மாறிலி 100; அலைநீளம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால் வடிகட்டியும் அதே விகிதத்தில் சிறிதாகும். ஆனால் வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் அதன் ஒத்ததிர்வு அலைவெண் பத்து லட்சத்தில் 450 பங்கு நகரும். மொட்டைமாடிக் கோபுரத்துப் பெட்டி விடியலில் 25 டிகிரியில் தொடங்கி உச்சி வெயிலில் 60-ஐத் தொட்டால், 3.5 கிகாஹெர்ட்ஸ் வடிகட்டி 55 மெகாஹெர்ட்ஸ் இடம்பெயர்ந்து நிற்கும். ஏலத்தில் பெரிய நிறுவனங்கள் வாங்கிய பட்டையின் அகலமே 100 மெகாஹெர்ட்ஸ்தான். பாதிக்கு மேல் அடுத்தவர் நிலத்தில் போய்விடும்.

பத்மநாபசுவாமி கோவிலுக்கு எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஒரு முகத்தின் கன்னங்களில் வந்து முட்டும். கடிகாரம் செய்தவர்களுக்கு வெயில் பழைய பகை: சூட்டில் ஊசல் கம்பி நீண்டு கடிகாரம் தாமதமாகும். அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒன்று நீளும்போது மற்றொன்று ஈடுசெய்யும்படி இரண்டு உலோகங்களைக் கோத்து ஊசல் செய்வது. நுண்ணலைப் பீங்கானிலும் அதேதான். அலுமினாவின் அலைவெண் சூட்டில் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 60 பங்கு எதிர்த்திசையில் நகரும்; அதில் அளவறிந்து கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடைச் சேர்த்தால் இரு நகர்வுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சிர்க்கோனியம், வெள்ளீயம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு ஒன்று தன்னளவிலேயே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மாறிலி 38 அளவில் இருப்பதால் வடிகட்டியும் ஆறில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும்.

டைட்டானியமும் சிர்க்கோனியமும் இந்தக் கடற்கரைக்கு அந்நியமல்ல. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு வேண்டியது கேஸ் விளக்கு வலைக்கான தோரியம். மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் உள்ள அந்தக் கருமணலிலேயே இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கானும் கலந்து கிடக்கின்றன. திருவனந்தபுரம் கொச்சுவேளியில் டைட்டானியம் டை ஆக்சைடு செய்யும் ஆலை இருக்கிறது. அந்தத் தூள் போவது வெள்ளைச் சாயத்துக்கு. பெயிண்டுக்குப் போகும் தூளுக்கும் வடிகட்டிக்குப் போகும் தூளுக்கும் பெயர் ஒன்றுதான். நடுவே தூய்மையில் உள்ள இடைவெளி பெரியது, விலையிலும் அப்படியே.

இப்போது போட்டி உலையின் சூட்டைக் குறைப்பதில். 700 டிகிரிக்குக் கீழே சுடக்கூடிய பீங்கான்களைத் தேடும் ஆய்வு பாப்பனங்கோட்டிலும் ஓலுவிலும் நடந்திருக்கிறது. மாலிப்டினம், டெல்லூரியம், வனேடியம், போரான் ஆக்சைடுகள் இதற்கு உதவுகின்றன. 660 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் வெள்ளிக்குப் பதில் அலுமினியத்தையே தடமாக அச்சடிக்கலாம். மற்றொரு பாதை உலையையே விட்டுவிடுவது. பியூட்டைல் ரப்பரில் பீங்கான் தூளைக் கலந்து, உடையில் தைக்கத்தக்க வளையும் தகடுகளைப் பாப்பனங்கோட்டில் செய்து பார்த்தார்கள். (இது தோட்டத்து ரப்பர்ப் பால் அன்று, ஆலையில் பிறக்கும் செயற்கை ரப்பர்.) 2014-ல் ஓலு ஆய்வாளர்கள் லித்தியம் மாலிப்டேட் தூளைச் சிறிது தண்ணீரால் நனைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, அறை வெப்பநிலையிலேயே கெட்டியான பீங்கானாக்கினார்கள். தூளின் மேற்பரப்பு நீரில் கொஞ்சம் கரைகிறது. நீர் வெளியேறும்போது கரைந்தது துகள்களுக்கு நடுவே மறுபடி படிகமாகி ஒட்டுகிறது. சுட்டது போலவே குறைந்த இழப்பு. சில்லையே உள்ளே வைத்துப் பீங்கானை அதைச் சுற்றி அழுத்தலாம், சூடு பட்டுச் சில்லு கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். நீரில் கரைவதால் கிடைத்த இந்த வசதிக்கு விலையும் அதே நீர்தான்: ஈரக்காற்று பட்டால் பீங்கான் மெல்ல நீரை உறிஞ்சி இழப்பு கூடும். ஆகவே இரண்டு மழைக்காலமும் உப்புக் காற்றும் உள்ள ஊரின் கோபுரத்தில் அது ஏற வேண்டுமானால் மேலே நீர்புகாத பூச்சு ஒன்று வேண்டும். அந்தப் பூச்சும் அலைக்கு வழிவிடும் பொருளாக இருந்தாக வேண்டும்.